லிப்ட்காரர் போட்ட தாழ்ப்பாள்கள்

மகளின் பின்னால் எவனோ வந்தான் என்ற சேதி லிப்ட்காரருக்கு நேராக வரவில்லை. மகள் அம்மாவிடம்தான் சொன்னாள். அப்பா காதுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லிவைத்தாள். அம்மா அன்று மாலைவரை வாயை மூடிக்கொண்டிருந்தாள், அதுவே அவளுக்குப் பெரிய விஷயம். கேட்டவர் அன்றிரவே பஸ் நேரத்தை விசாரித்துவைத்தார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். ஒரு கையில் இரண்டு சட்டை வைத்த துணிப்பை, இன்னொரு கையில் தூக்கமுடியாத கனத்தில் கருவிப்பெட்டி.

வாழ்நாளெல்லாம் லிப்ட் பழுதுபார்த்தவர். உறவுக்காரர்களுக்குக்கூட அவர் லிப்ட்காரர்தான். ஒரு கயிறே லிப்ட் பெட்டியைத் தாங்கிவிடும், ஆனாலும் நாலு கயிறு போடுவோம் என்பதை அவர் யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் திரும்பமாட்டார்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைபார்த்தாள். இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, தனியாகத்தான் இருந்தாள். அவரைக் கருவிப்பெட்டியோடு வாசலில் பார்த்ததுமே யார் உளறியிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நடந்ததை ஒன்றுமில்லாததுபோலச் சொன்னாள். கடைத்தெருவில் ஒருவன் பின்னாலேயே வந்தான், அவள் மருந்துக்கடைக்குள் நுழைந்து நின்றுகொண்டாள், அவன் போய்விட்டான், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மட்டும் அவர் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றே வேலையை ஆரம்பித்தார். இருந்த பூட்டுக்குத் துணையாக மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி. அதுவும் போதாதென்று கதவுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. துளை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து கேக் அக்கா எட்டிப்பார்த்தாள். வீட்டிலேயே கேக் செய்து கடைகளுக்குக் கொடுப்பவள், கன்னத்தில் எப்போதும் மாவு இருக்கும். உள்ளே என்ன பேங்க்கா திறக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். லிப்ட்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மகள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காலையில் அவள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது அவர் பக்கத்தில் நின்று, பிள்ளை முதல்முதலாகச் சைக்கிள் ஓட்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். சாயங்காலம் அவர் ஒவ்வொன்றாகத் திறக்கும்வரை அவள் தோளில் பையோடு வெளியே நிற்பாள். கை வலித்தாலும், “நல்லா கெட்டியா இருக்குப்பா,” என்றபடிதான் உள்ளே வருவாள். ஊரிலிருந்து அம்மா போன் போட்டு, பிள்ளையைப் படுத்தாமல் திரும்பி வாருங்கள் என்று தினமும் சொன்னாள். ஜன்னல்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன என்பது அவர் பதில்.

ஜன்னலுக்கு வலை அடித்து முடித்த நாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. மகள் வரும் நேரம் என்று அவர் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். படியில் யாரோ ஓடிவரும் சத்தம். கதவு அதிர்ந்தது.

“நான்தான், மேல் வீடு! கதவத் திறங்க!”

மூன்றாம் மாடி நீச்சல் டீச்சரின் குரல். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, படகு தள்ளுகிறவளின் தோள். இவளைக் கண்டு மற்றவர்கள்தான் பயப்படவேண்டும் என்று அவர் மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தக் குரல் இப்போது உடைந்திருந்தது. அவளுக்குக் கீழே, படியில் இன்னொரு காலடியும் கேட்டது.

லிப்ட்காரர் ஓடினார். இரும்புப் பட்டையைத் தூக்கினார். மேல் தாழ்ப்பாள் வழிவிட்டது. கீழ்த் தாழ்ப்பாள் புதுசு, இறுகிக்கொண்டது. வெங்காயக் கை வழுக்கியது. சங்கிலியைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் சாவி சமையல் மேடையில். எடுத்துவந்து திறந்தபோது வாசலில் யாருமில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கேக் அக்கா மாவுக் கரண்டியோடு மேல்படியில் நின்று கீழ்நோக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நீச்சல் டீச்சர் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். கீழே தெருக்கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது. வந்தவன் போய்விட்டான்.

பஸ் ஸ்டாப்பிலிருந்தே வந்தானாம். கட்டடத்துக்குள் நுழைந்தால் நின்றுவிடுவான் என்று நினைத்தாளாம், அவனும் நுழைந்தான். முதல் படி ஏறியதும் கையைப் பிடித்தானாம். உதறிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். மூன்றாம் மாடிவரை ஓடிச் சாவி தேட நேரமில்லை. லிப்ட்காரர் அத்தனையையும் தன் வாசலில் நின்றே கேட்டார். கேக் அக்கா அவருக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மகள் வந்து எல்லாம் கேட்டுக்கொண்டாள். மேலே போய் டீச்சரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கினாள். அவர் அரிந்த வெங்காயத்தின் முன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பொண்ணு என் வாசல்ல நின்னு தட்டுச்சு, குட்டி. நான் உள்ள தாழ்ப்பாளோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த மூன்று வீட்டுக்கும் ஒரு பேச்சு உண்டு என்றாள். யார் குரல் கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திறந்துவிட வேண்டும். குடிவந்த முதல் மாதமே மூவரும் சேர்ந்து பேசி வைத்தது.

“அதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“எப்படிப்பா சொல்றது? ராப்பகலா உக்காந்து எனக்காகப் போட்டீங்க. உங்க முகத்தைப் பாத்தா வாய் வரல.” அவர் முன்னாலிருந்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு நான் மருந்துக்கடைக்குள்ள போனேன்ல. அந்தக் கடைக்கு முன்பக்கம் கதவே கிடையாதுப்பா. திறந்து கிடந்துச்சு. அதனாலதான் போக முடிஞ்சுது.”

லிப்ட்காரர் எழுந்து திருப்புளியை எடுத்தார். இப்போதே வேண்டாம், சாப்பிட்டுவிட்டு என்றாள் மகள். அவர் கேட்கவில்லை. இரும்புப் பட்டையும் கீழ்த் தாழ்ப்பாளும் சங்கிலியும் இறங்கின. துளைகளை அவர் அடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வெங்காயத்தை வதக்கிச் சமையலை முடித்தாள். இருவரும் ஒரே தட்டிலிருந்து அள்ளித் தின்றார்கள். உப்பு தூக்கலாக இருந்தது, அதற்கு ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் நீச்சல் டீச்சர் புகார் கொடுக்கப் போவதென்று முடிவுசெய்தாள். மகளும் கேக் அக்காவும் கூடப் போகத் தயாரானார்கள். லிப்ட்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு, அங்கே எப்படிப் பேசவேண்டும் என்று படியிறங்கும்போதே ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். டீச்சர் நின்று அவரைப் பார்த்தாள். முந்தின நாள் நடுக்கம் அவளிடம் இல்லை.

“நாங்களே பேசிக்கிறோம்ப்பா. நீங்க கூட வாங்க, அது போதும்.”

அவருக்கு முகம் சுண்டியது. அடுத்த படியிலேயே சரியாகிவிட்டது. தன்னை அவள் அப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான் உறைத்தது.

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று பெண்களும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் சுவரோரப் பெஞ்சில், மடியில் மூன்று கைப்பைகளோடு உட்கார்ந்தார். பேச்சு நீண்டது. ஆள் எப்படி இருந்தான், என்ன சட்டை, ஏன் அந்த நேரத்தில் அந்த வழியாக வந்தாய் என்று கேள்விகள் வந்தன. அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் டீச்சர், அது என் வீட்டுக்குப் போகிற வழி சார் என்றாள், குரல் உயராமல். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவருக்கு நினைவில்லை.

புகாரை எழுதி வாங்கியவர் நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தார். நீங்கள் இதில் யார், பெண்ணுக்கு அப்பாவா என்று கேட்டார்.

லிப்ட்காரர் மடியிலிருந்த பைகளைச் சரியாக அணைத்துக்கொண்டார்.

“கூட வந்திருக்கேங்க,” என்றார்.