முதலில் செருப்பைப் பார்

என் வீட்டுக்காரருக்கு வங்கியில் வசூல் பிரிவில் வேலை. கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவர்களைப் போனில் பிடிப்பார். போனில் சிக்காதவர்களை வீட்டுக்கே போய்ப் பிடிப்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதும் அவர்தான். அந்த வகுப்பு சாப்பாட்டு மேசையில் எனக்கும் இலவசமாக நடக்கும். முதலில் தேனொழுகப் பேச வேண்டும், பிறகு குரலை உயர்த்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சொந்தக்காரர்களுக்குப் போன். கடைசியில் வாசல்.

"வாசல்ல நின்னதும் முதல்ல செருப்பைப் பாரு. ஆள் இல்லைன்னு கூசாம சொல்வாங்க. செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். யார் வீட்டு வாசலோதானே என்ற திமிர்.

அந்தப் பிரிவை ஒரே நாளில் இழுத்து மூடிவிட்டு, வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். தன் வேலை போனதைப் பற்றி மனிதர் என்னிடம் மூச்சு விடவில்லை. காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், பொழுது சாய்ந்து திரும்புவார். போனை மட்டும் கவிழ்த்தே வைப்பார். அது நடுங்கினால் சாப்பிடுகிற கை அப்படியே நிற்கும். வேறொருத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் உலுக்கி எடுத்துத் தீர்த்திருப்பேன்.

பிறகு அண்ணன் கூப்பிட்டான். யாரோ ஒரு பெண் போன் செய்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தாளாம். முதலில் குழைந்தாளாம், அப்புறம் ஒரு கேள்வி கேட்டாளாம்.

"'கௌரவமான குடும்பம்னு நினைச்சோமே சார், இப்படிப் பண்ணலாமா?'ன்னு கேட்டா. என்னம்மா நடக்குது அங்க?"

அது என் வீட்டுக்காரர் எழுதிய வசனம். கண்ணாடி முன்னால் நின்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்த வசனம். சொந்தக்காரருக்குப் போன் வந்தாகிவிட்டது. இனி வாசல்தான் பாக்கி.

அன்று மாலை அவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. எல்லாம் வெளியே வந்தது. ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டி, அதற்கு மூன்றாவது. அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவருக்கு இது தெரியாதா?

"கோர்ட்ல திவால்னு மனு போடுங்க. மானம் போனா போகுது, நிம்மதியா தூங்கவாவது செய்யலாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அது என் பேர்ல இருக்கறதுக்குத்தான் செல்லும்" என்றார்.

இருந்த ஆத்திரத்தில் அந்த வார்த்தை என் காதில் ஏறவில்லை. கத்தித் தீர்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. அவர் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவுத் துளையில் பார்த்தேன். தோளில் பை, கழுத்தில் அட்டை, வழித்து வாரிய தலை. அவரிடம் பாடம் படித்த பையனாகத்தான் இருக்க வேண்டும்.

என்னதான் கோபம் இருந்தாலும் கட்டியவரைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. மிதியடி மேல் கிடந்த அவருடைய ஷூவை அள்ளி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன். பிறகுதான் கதவைத் திறந்தேன்.

"அவர் வெளியூர் போயிருக்கார்" என்றேன், கூசாமல்.

பையனின் பார்வை நேரே மிதியடிக்குப் போனது. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விலகி நின்றேன். பயத்தையும் மீறி உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவன் நிமிர்ந்து, தேனொழுகச் சிரித்தான்.

"சாரைத் தேடி வரலம்மா. உங்க பேர்ல இருக்கற கார்டுக்காக வந்தேன். இது உங்க கையெழுத்துதானே?"

என்னுடையதுதான். இன்ஷூரன்ஸ் என்று அவர் நீட்டினார். அடுப்படியில் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிக்காமல் போட்டது. குளியலறையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றுவிட்டது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

மிதியடி மேல் என் செருப்பு கிடந்தது.