வாய் நிறைய இரண்டு அவுன்ஸ்

இன்று காலை கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் படியிறங்கி, வலது கையை மணிக்கட்டு வரை நனைத்து, கிழக்குப் பார்த்து நின்று சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கூட்டிச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. என் பெரியப்பா நூற்றுநாற்பது வயது வரை பொய் சொல்லாமல் வாழ்ந்தவர்.

அறுபத்தொன்பதாம் வருஷம் எனக்கு வயது ஐம்பத்தைந்து. வடக்கு மாட வீதியில் ஜவுளிக்கடை. மாலையில் மாட வீதிக் கால்பந்துக் கழகத்துக்குக் கோச். என் பயிற்சி முறை ஒன்றே ஒன்றுதான்: கத்துவது. நான் மைதானத்தில் "நில்லு" என்று கத்தினால் லஸ் முனையில் பஸ் நிற்கும். டிரைவர் இறங்கி வந்து எதற்கு என்று கேட்டிருக்கிறார். அப்படியும் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றோம்.

கழகச் செயலாளர் சங்கரன், வக்கீல் குமாஸ்தா, ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார். "அடுத்த மாசம் தி.நகரோட மேட்ச். அதுலயும் தோத்தீர்னா விசிலைக் கழட்டி என் மச்சினன்ட்ட குடுத்துடும், ஓய்" என்றார். அந்த மைத்துனருக்கும் கால்பந்துக்கும் உள்ள தொடர்பு, மைதானத்தைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறார் என்பதுதான். என் கடையையோ நடத்துவது என் மனைவி பங்கஜம். விசிலும் போய்விட்டால் மாலை ஐந்து மணிக்கு நான் யார் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம்தான் கோச்சுகளைத் தேற்றுவதற்கென்று லீக்கிலிருந்து மெஹபூப் அலியை அனுப்பினார்கள். ஐஸ் ஹவுஸ் பக்கத்துக்காரர், வயது முப்பத்திரண்டு. என்னையும், தி.நகர் கோச் சண்முகசுந்தரத்தையும், பட்டினப்பாக்கம் கோச் அங்கமுத்துவையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். சண்முகசுந்தரத்துக்கு நகைக்கடை, அங்கமுத்துவுக்குக் கட்டுமரம். மூவருக்கும் பொதுச் சொத்து தொண்டை.

மெஹபூப் அலி முதல் நாள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஒரு மடக்கு நாற்காலியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை திரும்பவே இல்லை. பிறகு ஒரு சீட்டை நீட்டினார். நான் கத்தியது முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ரங்கன் என் முகத்தைப் பார்த்தது முந்நூறு தடவை. முதுகுப் பக்கம் நடந்ததை அவர் எப்படி எண்ணினார் என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை, கேட்கப் பயம்.

"மாமா, உங்க பசங்க நல்லா ஆடறாங்க. பந்து எங்க போவுதுன்னு பாக்கத்தான் அவங்களுக்கு டைம் இல்ல" என்றார்.

மறுநாள் கம்பவுண்டர்கள் மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸோடு வந்தார். ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் தண்ணீர். விசில் ஊதி ஆட்டம் தொடங்கியதும் வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. முடிந்ததும் திருப்பி அளந்து காட்ட வேண்டும்.

"இன்னா நைனா, கோச்சுக்கு ட்ரெய்னிங்கா, ஒட்டகத்துக்கா?" என்று கேட்டார் அங்கமுத்து. அவர் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

முதல் வாரம் மூன்று பேருமே விழுங்கினோம். சண்முகசுந்தரம் மட்டும் ஆவியாகிவிட்டது என்று வாதாடினார். மூன்றாவது வாரம் எங்கள் கண்ணும் புருவமும் பேசத் தொடங்கின. ஒரு நாள் ஆஃப் சைடு பற்றி மூவரும் வாய் நிறையத் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் தர்க்கம் செய்தோம். அங்கமுத்து தோற்றுப்போய் இரண்டு நாள் எங்களிடம் புருவத்தை அசைக்கவில்லை.

மேட்ச் தி.நகரில். இந்தப் பக்கம் உப்பிய கன்னத்தோடு நான், அந்தப் பக்கம் உப்பிய கன்னத்தோடு சண்முகசுந்தரம். பத்து நிமிடத்தில் ரங்கன் என்னைப் பார்த்தான். கன்னம்தான் தெரிந்தது. மறுபடி பார்த்தான். மூன்றாவது முறை பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் மயிர் கூச்செறிகிறது. பையன்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். சின்னச் சின்னதாக: "வா", "இருக்கேன்", "விடு". ஆறு வருஷமாக என்னிடம் ஆடியவர்கள். அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். புல்லின் மேல் பந்து உருளும் சத்தம் கேட்டது. அடையாறு முகத்துவாரத்தில் பறவைக் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்புமே, யார் சொல்லித் திரும்புகிறது? அப்படித் திரும்பினார்கள் பதினொரு பேரும்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். பந்து ரங்கனிடம். எதிரே கோல் திறந்து கிடக்க, அவன் பந்தைப் பின்னால் தள்ளினான். என் வாயில் தண்ணீர் கொதித்தது. காது வழியாக ஆவி வந்ததை, பக்கத்தில் நின்ற சுண்டல்காரர் பார்த்திருக்கிறார். சங்கரன் என் விலாவில் குத்தினார்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? கத்தும், ஓய். உம்ம விசில் போறது."

கழுத்தில் தொங்கிய விசிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். கத்தவில்லை.

ரங்கன் பின்னால் தள்ளியதும் தி.நகரின் பின்வரிசை மொத்தமும் பந்தைத் துரத்தி வந்தது. பந்து எங்கள் பதினொரு பேர் காலிலும் ஆளுக்கு ஒரு முறை பட்டது, கோலியையும் விடவில்லை. கடைசியில் தனியாக நின்ற ரங்கனிடமே வந்து, அவன் உள்ளங்காலால் மெதுவாகத் தட்டிவிட, கோலுக்குள் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லாததால் ரெஃப்ரி தி.நகர் கோலியிடம் "உள்ளயா?" என்று கேட்டுத்தான் விசில் ஊதினார். எதிர்ப்பக்கம் சண்முகசுந்தரம் புருவத்தை ஒரு முறை உயர்த்தி இறக்கினார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மெஹபூப் அலி கிளாஸை நீட்டினார். துப்பினேன். இரண்டு அவுன்ஸுக்கு மேல் இரண்டு சொட்டு நின்றது. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அது கண்ணுலேர்ந்து வந்தது மாமா. சேத்துக்க மாட்டேன்."

சங்கரன் அதற்குப் பிறகு மைத்துனர் பேச்சை எடுக்கவில்லை. விசில் என்னிடமே தங்கிவிட்டது. அன்றிலிருந்து இன்று வரை அதை நான் ஊதியதில்லை. கழுத்தில் இருந்தால் போதும். காலையில் தெப்பக்குளத்துக்குச் சத்தியம் செய்யப் போனபோதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

தெப்பக்குளம் மாசி மாதத்திலிருந்தே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வறண்டு கிடக்கிறது. பையன்கள் அதற்குள்தான் பந்தாடுகிறார்கள்.