எட்டு ஜிபி பொய்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கணினி உறைந்து நின்ற நேரங்களிலிருந்து வந்தது. திரை அசையாதபோது மனிதன் யோசிக்கத் தொடங்குகிறான். யோசித்தால் கதை வந்து தொலைகிறது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

ஒரு குடும்பம் எதை முக்கியமாக நினைக்கிறது என்பது, கையில் கொஞ்சம் பணம் வரும்போதுதான் தெரி

அங்கே கணினி நின்றது. மறுபடி இயக்கியபோது இவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. [முடிக்கவில்லை. முடித்திருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும்.]

2.

பாத்திரங்கள் மூவர். மனைவி, காணொளிப் பாடங்களுக்கு சப்டைட்டில் எழுதுபவள். வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டு ஐந்து மாதமாகிறது. இன்னொரு நிறுவனம் சோதனை வேலை ஒன்று கொடுத்திருக்கிறது: நாற்பது நிமிடப் பாடம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள். சரியாக வந்தால் ஓராண்டு வேலை. மைத்துனன், படிப்பை முடித்துவிட்டு எங்களோடு தங்கியிருப்பவன். வேலை தேடுவதாகச் சொல்கிறான். நான் பார்த்தவரை கேமில் எதிரிகளைத்தான் தேடிச் சுடுகிறான். மூன்றாவது ஆள் நான். இருபது ஆண்டுகள் செய்தியாளர், இப்போது புனைவெழுத்தில் தவழ்பவன்.

கணினிக்கு நான்கு வயது. நான்காம் தலைமுறை ரேம் பொருந்தும் மதர்போர்டு. ரேம் நான்கு ஜிபி.

ஒரே ஒரு பாகம் வாங்கத்தான் பணம் இருந்தது.

"அக்கா, கிராஃபிக்ஸ் கார்டு போட்டா எல்லாம் பறக்கும்."

"எது பறக்கும்? உன் துப்பாக்கிக் குண்டா?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

கீபோர்டு மாற்றலாம், ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொள்கிறது என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

3.

தெருமுனையில் கணினி பழுதுபார்ப்பவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். பெட்டியைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். [முதல் வரைவில் இவரை ஞானியாக்கியிருந்தேன். மனம் ஒப்பவில்லை. நிஜத்தில் அவர் வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு பேசினார், பாதி புரியவில்லை.]

"எதை மாத்தணும்னு என்னைக் கேக்காதீங்க. எங்கெங்க காத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு ஒரு நாள் பூரா எழுதுங்க. எங்க ரொம்ப மாட்டுதோ அதை மாத்துங்க. அதுக்கு முன்னாடி, சும்மா திறந்து கிடக்கிறதை மூடுங்க. அது ஃப்ரீ."

மனைவி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எழுதினாள். கணினி எழுந்திருக்க: ஆறு நிமிடம் (பரவாயில்லை, அதற்குள் பாத்திரம் கழுவலாம்). படம் திறக்க: இரண்டு. படமும் சப்டைட்டில் மென்பொருளும் சேர்ந்து திறந்திருக்கும்போது: பதினோரு முறை நின்றது. கீழே வேறு கையெழுத்தில்: "கேம், ஆயுள் முழுக்க."

ஆகவே ரேம்; திறந்து கிடப்பவைக்கெல்லாம் இடம் தருவது அதுதான். வழக்கு முடிந்தது.

4.

வியாழக்கிழமை நான் ஒரு பதிப்பகத்தின் வரவேற்பறையில் காத்திருந்தபோது மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, ரேம் வாங்கக் கிளம்பிட்டேன். எந்த ரேம்னு கடையில கேப்பாங்களே. எதுல பாக்கணும்?"

"என் கதையைத் திற. ரெண்டாம் பகுதியில எல்லாம் தெளிவா எழுதியிருக்கேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல், மைத்துனன் பெட்டியைத் திறந்து எட்டு ஜிபி ரேமைப் பொருத்தப் பார்த்தான்.

"மாமா, உள்ள போகமாட்டேங்குது. வெட்டு வேற இடத்துல இருக்கு."

"அழுத்திப் பாரு."

"அழுத்தினா உடைஞ்சிடும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

போர்டில் இருந்த எழுத்துகளை டாக்டருக்குப் போனில் படித்துக் காட்டினோம். "சார், இது மூணாம் தலைமுறை. பன்னெண்டு வயசு இருக்கும். நாலுன்னு யார் சொன்னது?"

வாசகரே, நான்தான். உங்களிடமும் சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். பத்திரிகையில் ஓர் எண்ணைக்கூடச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. புனைவு என்றதும் கை தாராளமாகிவிட்டது. பன்னிரண்டு வயதுக் கணினி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று வயதைக் குறைத்தேன், அதற்கேற்ப ரேமின் தலைமுறையை ஏற்றினேன். அந்தப் பத்தியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், தண்டனையாக இருக்கட்டும்.

"கம்ப்யூட்டர் என்ன கல்யாணத்துக்கா நிக்குது, வயசைக் குறைக்க?" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உறை கிழிந்த பொருளைக் கடை திரும்ப எடுக்காது. ரேம் மேசைமேல் கிடக்கிறது, பச்சையாக, புத்தம் புதிதாக, ஒன்றுக்கும் உதவாமல்.

5.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) டாக்டர் பொருத்தமான பழைய ரேமோடு படியேறி வருகிறார். ("அவர் வெள்ளிக்கிழமை மத்தியானமே கடையைப் பூட்டிட்டுப் போயிடுவார்," என்கிறாள் மனைவி. எனக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.)

ஆ) நிறுவனம் அவகாசம் கொடுக்கிறது. ("சோதனைக்கா? நல்லாக் குடுப்பாங்க.")

இ) "கதைதானே மாமா? எனக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக் குடுத்திடுங்க." சரி, கொடுத்தாயிற்று. மைத்துனன் நன்றி சொல்கிறான்.

இப்போது மணி மூன்று பத்து. சப்டைட்டில் எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். படத்தோடு சேர்த்து ஒரே கோப்பாக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்காமல் ஓடினால் இன்னும் ஒன்றரை மணி நேரம். அவள் முகம் கழுவப் போனபோது, பத்தே நிமிடம் என்று நான் உட்கார்ந்தேன். அப்போது நாற்பத்தொரு சதவீதம். இப்போதும் நாற்பத்தொன்று.

"டாக்டர் அன்னைக்குக் கடைசியா ஒண்ணு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஃப்ரீன்னு சொன்னாரே."

"இருக்கும்மா."

"அப்ப?"

கணினியில் திறந்து கிடப்பவை இரண்டே. ஒன்று அவளுடைய ஓராண்டு. மற்றது, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இது.

ஐந்து மணிக்குள் அனுப்பினாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் இடமிருக்கும். என் முதல் வாக்கியத்தைக் கணினி பாதியில் வெட்டியது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நானே என் கையால், முற்றுப்புள்ளிக்குக்கூடக் காத்திருக்காமல், மூடிவி