படிவத்தில் போட்ட ‘இல்லை’

இறந்துபோன தம்பியின் உடம்பை வீட்டில் வைத்துத் துடைத்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். துணி பிழிந்து கொடுத்த தம்பி மனைவி. வாளியோடு நின்ற தம்பி மகள். உதவிக்கென்று வந்து சுவரில் சாய்ந்துகொண்ட தங்கை வீட்டுக்காரர். வாய் ஓயாததால் குடும்பத்தில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். நான்காவது அண்ணன், முப்பத்திரண்டு வருடம் ஒரு அடி பிசகாமல் நிலம் அளந்த சர்வேயர். துடைத்தது அவர்தான்.

இடது விலாவில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஈ.சி.ஜி.க்கு ஒட்டுவது.

“பாத்தீங்களா மச்சான்? ஊசி போட்ட மூணாம் நாள் இதயம் நின்னுருக்கு. நாலு பேர் கேக்கத்தானே செய்வாங்க?”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதத்துக்கு முன் சாதாரண ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயின் ஆரம்பம் தெரிந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. நோயை வளரவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடி ஊசி இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. ஊசிக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் பேசாமல் படுக்க வேண்டும். பிறகு அடுத்தடுத்து மூன்று ஈ.சி.ஜி. “லிஃப்டுக்கு நான் பாக்குறத எனக்கு இவங்க பாக்குறாங்க” என்பான் தம்பி. சேரச் சொன்னது அண்ணன். சாட்சிக் கையெழுத்தும் அவருடையது.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. காரணமில்லாமல் மயங்கி விழுந்ததுண்டா?

சின்ன வயதில் தம்பி பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறான். தம்பிக்கு மூத்தவளான தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அப்பா அந்தப் பேச்சை வாசல் தாண்ட விடவில்லை.

“இல்லைன்னு போடு. நம்ம வீட்டு விஷயம் காகிதத்துல ஏற வேணாம்” என்றார் அண்ணன். தம்பி போட்டான்.

நேற்றுக் காலை தம்பி சமையலறையில் சுருண்டு விழுந்தான்; சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அப்போதிலிருந்து அந்த ‘இல்லை’ அண்ணனைக் குத்திக்கொண்டே இருந்தது.

துடைத்து முடித்து வேட்டி மாற்றிய நேரத்தில், ஆய்வுக் குழுவின் நர்ஸ் வந்து அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“டாக்டர் நேர்ல சொல்லச் சொன்னாருங்க ஐயா. மூளையில ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கு, ஸ்கேன்ல தெரியுது. ரொம்ப வருஷமா இருந்த வீக்கம். ஒன்பது மணி நேரம் மானிட்டர்ல இருந்தாரே, முடியுற வரைக்கும் துடிப்பு சீராத்தான் இருந்துச்சு. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

அண்ணன் தலையசைத்தார். பிறகு, வாழ்நாளில் வெளியாளிடம் சொல்லாததைச் சொன்னார்.

“ஒண்ணு மறைச்சிட்டோம்மா. சின்னதுல அவன் மயங்கி...”

“தெரியுமே! நீங்க அன்னிக்கு டீ குடிக்கப் போனதும் சொல்லிட்டாரு. ‘இல்லை’ய அடிச்சிட்டுப் பக்கத்துலயே கையெழுத்துப் போட்டாரு. ஒரு நாள் முழுக்கத் துடிப்பப் பதிவு பண்ணி, கோளாறு இல்லைன்னு ஆனப்புறம்தான் ஊசியே போட்டோம்.” அவள் தயங்கினாள். “‘அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, மனுஷன் பயங்கர முறுக்கு, முகம் சுண்டிப்போயிடும்’னாரு.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்றிலிருந்து முழுசாக ஒரு மூச்சு அப்போதுதான் வந்தது.

“கழுத” என்றார். “கழுதப் பய.” தண்ணீர் கேட்டு இரண்டு தம்ளர் மடமடவென்று குடித்தார்.

கூடத்தில் லிஃப்ட் கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

“...ஆராய்ச்சின்னு ஒரு ஊசி. இதயத்த அப்படியே நிறுத்திடுச்சாம்.”

அண்ணன் கூடத்துக்கு வந்து நிமிர்ந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“ஊசி இல்ல மாப்பிள்ளை. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சது. ஸ்கேன்ல இருக்கு. சின்ன வயசுல அவன் ரெண்டு தரம் மயங்கி விழுந்திருக்கான். நீங்க பொண்ணு பாக்க வந்தப்பவும் சொல்லல. ஆஸ்பத்திரியில அதச் சொல்லிட்டுத்தான் அவன் சேந்தான். மறைச்சது நான்.”