மஞ்சள் குடைக்குப் பின்னால் பதினெட்டுப் பேர்

லிஸ்பன் நகரத்து ரோசியோ சதுக்கத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அதனால்தான் சரளா தன் மஞ்சள் குடையை விரித்தாள். வேறெந்த உள்நோக்கமும் அவளுக்குக் கிடையாது.

அல்சூர்க்காரி. பெங்களூர் டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவள். இங்கே வேலை பார்க்கும் மகள் யாமினியிடம் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "இங்கியே நில்லும்மா, காபி வாங்கினு வரேன். பிக்பாக்கெட் ஜாஸ்தி, பைய கெட்டியா புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு யாமினி போயிருந்தாள்.

சதுக்கம் ஜேஜே என்றிருந்தது. ஒருத்தன் அக்கார்டியன் வாசித்தான். நீரூற்றில் புறாக்கள் குளித்தன. தரையில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாய்க் கல் பதித்திருந்ததைப் பார்த்ததில் சரளாவுக்கு லேசாகத் தலை சுற்றியது. கண்ணை மூடித் திறந்தால், எதிரே ஆறேழு வெள்ளைக்காரர்கள். அவளையே பார்த்துச் சிரித்தார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

சரளா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீரூற்றுப் பக்கம் நகர்ந்தாள். அவர்களும் நகர்ந்தார்கள். நீரூற்றைச் சுற்றினாள். அவர்களும் சுற்றி, போட்டோ எடுத்தார்கள்.

"கும்பலா வந்துட்டானுங்கடா சாமி!" என்று எதிர்ச் சந்தில் பாய்ந்தாள். செங்குத்தான ஏற்றம். செருப்பு சறுக்கியது, மூச்சு முட்டியது. பின்னால் பதினெட்டு ஜோடி ஷூக்கள் தடதடவென்று ஏறி வந்தன.

உச்சியில் ஒரு தேவாலயத்தின் முன்னால் திரும்பி நின்றாள். "யாருய்யா நீங்கல்லாம்? இன்னா வோணும் உங்களுக்கு?"

வேர்த்து வழிந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, "இந்தச் சர்ச் எவ்வளவு பழசு, மேடம்?" என்று இங்கிலீஷில் பணிவாகக் கேட்டார். பக்கத்திலிருந்த அம்மாள் தன் போனைக் காட்டினாள். நடைச் சுற்றுலாவாம். பத்து மணிக்கு ரோசியோவில் மஞ்சள் குடையோடு வழிகாட்டி நிற்பாராம்.

சரளாவுக்கு உயிர் வந்தது. "வெரி வெரி ஓல்டு" என்றாள். கிழவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மணியடித்துக்கொண்டு ஒரு டிராம் சந்துக்குள் திரும்பியது. பதினெட்டுப் பேரும் தண்டவாளத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரளாவின் தொண்டை தானாகத் திறந்தது.

"ஏய், ஸைடு கொட்ரீ! முந்தே ஹோக்ரீ, முந்தே!"

வழி விடுங்க, முன்னால போங்க என்று பஸ்ஸில் கத்திப் பழகிய அந்தக் கன்னடம் அவர்களுக்கு எப்படிப் புரிந்ததோ, அத்தனை பேரும் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார்கள். டிராம் போனதும் கைதட்டினார்கள். சரளாவுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. தலையை எண்ணிச் சரிபார்த்து, "ரைட், ரைட்!" என்று இறக்கத்தில் கூட்டிவந்தாள்.

கீழே இரண்டு காபியோடு யாமினி விழித்துக்கொண்டு நின்றாள். அவளருகே மஞ்சள் குடையோடு ஓர் இளைஞன், அழாத குறையாக.

"எங்கம்மா போன?"

"இட்டுனு போய் சர்ச்ச காட்டினேன்டி. பாவம், வெளியூர்க்காரங்க."

இளைஞன் தன் குடையை உயர்த்திக் கூப்பிட்டான். கிழவர் அவனையும் பார்த்தார், சரளாவையும் பார்த்தார். பிறகு அவளிடம் வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"டென் ஓ கிளாக்" என்றாள் சரளா, யாமினி அவள் வாயைப் பொத்துவதற்குள்.