கை படாத போத்தல்

ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்ததும் றிம்ஷா மூக்கைப் பொத்தினாள். அந்த வாசம். போன வருடத்து அதே வாசம்.

"அண்ணை, தோளுக்கு வலி மருந்து பூசினனீங்களோ?"

ஓட்டோக்காரர் கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "விடிய வலை இழுத்தது, தங்கச்சி. ரெண்டு தோளும் கழண்டு விழுற மாதிரி நோகுது. கொஞ்சம்தான் பூசினனான்."

"கொஞ்சமோ! ஓட்டோ முழுக்க மணக்குது. ஓடுங்கோ, ஓடுங்கோ, மழை முந்தப் போகுது."

பேசாலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ஆறு மாதம் ஒரு துளி விழாத மன்னார் நகரத்துக்கு இன்று முதல் மழை. தெருக்களிலும் முற்றங்களிலும் ஆறு மாதமாகப் படிந்த டயர்த் தூள், எண்ணெய், பூச்சிமருந்து, குளியலறைகளில் இருந்து கசிந்த மருந்துக் கழிவு எல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே கழுவுண்டு, பெரிய வடிகால் கான் வழியே கடலில் விழுந்துவிடும். அந்தத் தண்ணீரில் இதுவரை யாரும் தேடிப் பாராத இரசாயனங்களைத் தேடுவதுதான் றிம்ஷாவின் ஆய்வு. அந்த அரை மணியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. ஒரு வருடம் அவளிடம் இல்லை. மார்கழியோடு ஆய்வை மூடுகிறார்கள்.

போன வருடமும் இதே ஓட்டோவில்தான் வந்தாள். ஒவ்வொரு முறையும் சுத்தத் தண்ணீர் நிறைத்த போத்தல் ஒன்றையும் கூடவே கொண்டுவந்து, கான் அருகில் திறந்து மூடி, மற்றப் போத்தல்களோடு யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால், மற்றவற்றில் கண்டதையும் நம்ப முடியாது. இருந்தது. வலி மருந்து, அதுவும் அள்ளு கொள்ளையாக. பன்னிரண்டு போத்தல் முடிவுகளும் குப்பைக்குப் போயின. மூன்று கிழமை மண்டையை உடைத்த பிறகுதான், இறுகிய மூடிகளைத் திறந்து தந்த கை யாருடையது என்று அவளுக்கு நினைவு வந்தது. வலை இழுத்த தோளைத் தேய்த்துவிட்டு நேரே வந்த கை.

சந்தியில் அடம்பன் போகும் பஸ் ஒன்று தெருவை அடைத்து நின்றது. முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. கொன்ஸ்ரன்ரைன் கோர்னை அமத்திப் பிடித்தபடி நடைபாதையில் ஒரு சில்லை ஏற்றி, பஸ்ஸை உரசாமல் உரசிக்கொண்டு வெளியே வந்தார்.

கானில் தண்ணீர் இன்னும் வரவில்லை. றிம்ஷா அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையுறையை மாட்டி, நெஞ்சளவு ஆழமான வெறுங் கானுக்குள் குதித்தாள். கொன்ஸ்ரன்ரைன் அவள் கரையில் வைத்த போத்தல் பெட்டியைத் தூக்கி நீட்டப் பாய்ந்தார்.

"தொடாதேங்கோ! கையை எடுங்கோ! தூக்கிக்கொண்டு நில்லுங்கோ!"

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினார். "எத்தினை வருசத்துக்குப் பிறகு கை தூக்கிறன். சண்டைக் காலத்துச் செக் பொயின்ரில கூட இவ்வளவு நேரம் நிண்டதில்லை."

கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியவர்கள் சிரித்தார்கள். "என்ன கொன்ஸ்ரன், பிடிபட்டிட்டியோ?" என்றார் ஒருவர். "கானுக்குள்ள பிள்ளை என்ன தேடுறா, மோதிரமோ?"

"உன்ர வீட்டு ஊத்தையைத்தான். வாயை மூடு!" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

தண்ணீர் வந்தது. முதலில் கறுப்பாக ஒரு நாக்கு, பிறகு நுரை, பிறகு இரைச்சல். றிம்ஷா சுத்தத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூடினாள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு போத்தல். தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. கடைசி மூடியை இறுக்கிப் பெட்டியைக் கரையில் தள்ளிப் பூட்டும் வரை, கொட்டும் மழையில் அவர் கையை இறக்கவே இல்லை.

"இப்ப என்னை இழுங்கோ அண்ணை, தண்ணி கொண்டு போகப் போகுது!"

ஒன்பதாம் நாள் பின்னேரம், பேசாலைக் கரையில் அவர் வலை காயவைத்துக்கொண்டிருந்தபோது றிம்ஷா ஓடி வந்தாள். தொலைபேசியில் ஆய்வுகூடத்துக் கிருஷிகாவின் குரல் கத்தியது. "சுத்தத் தண்ணி சுத்தம்! ஒண்டுமே இல்லையடி!"

"மற்றது?"

"இருக்கு. முதல் போத்தலில ஆகக் கூட. என்ன தெரியுமோ? அதே வலி மருந்து."

றிம்ஷா கரையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். கொன்ஸ்ரன்ரைனின் முகம் செத்துப்போனது.

"நான் தொடேல்லை, தங்கச்சி. மாதாவாணை, ஒண்டையும் தொடேல்லை!"

"தெரியும் அண்ணை. உங்கட கை இல்லை, கான் தண்ணியிலயே இருக்கு. ஊரில எத்தினை தோள் நோகுது, எல்லாரும் பூசிக் கழுவினதுதான்!"

அவர் கரையோரக் கிணற்றடியைப் பார்த்தார். படகால் இறங்கிய ஏழெட்டுப் பேர் தோளைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நுரை கலந்த தண்ணீர் மணலில் ஒரு சின்ன வழி பிடித்து, வளைந்து வளைந்து கடலுக்குப் போனது. அது இறங்கிய இடத்தில் அவர் மனைவி செலீனா முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று மீன் கழுவினாள்.

றிம்ஷாவும் பார்த்தாள். தோள்பையைத் திறந்து ஒரு வெறும் போத்தலை எடுத்து, கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினாள்.

அவள் சொல்லாமலேயே கொன்ஸ்ரன்ரைன் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.