கல்யாண கேசட்டின் கடைசிப் பத்து நிமிடம்

1987 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் மேஸ்திரி செங்கல்வராயன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: செங்கல்வராயன், அவர் மனைவி தாயாரம்மாள், இறந்துபோன தம்பி வீரபாகுவின் மனைவி மனோரமா, நாட்றம்பள்ளிச் சம்பந்தி ராஜகோபால், வாடகை வீடியோ டெக்கும் டிவியும் கொண்டுவந்த ஸ்டுடியோக்காரர் சர்தார் பாஷா. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களை யாரும் அழைக்கவில்லை.

ஓடியது வீரபாகு மகளின் கல்யாண கேசட். படம் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் பாஷா டெக்கைத் திறந்து துடைத்தார். செங்கல்வராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, தாலி கட்டும் இடத்தில் ராஜகோபால் சிரித்தார்.

"பொண்ணோட அப்பன் இருந்திருந்தா இந்நேரம் பந்தியில உருண்டுனு இருப்பாரு."

செங்கல்வராயன் பல்லைக் கடித்துக்கொண்டார். வீரபாகு குடித்துவிட்டுத் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத்தொட்டியில் விழுந்து செத்தான் என்று இரண்டு வருஷமாக ஊரே பேசுகிறது. தொழிலாளர் கஷ்டத்தைப் படம் பிடிக்க வந்த இரண்டு பேர் போலீசில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். இல்லவே இல்லை என்றாள் மனோரமா. செங்கல்வராயன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி படத்தைக் கூடத்தில் மாட்டவும் விடவில்லை.

கேசட்டில் பந்தி முடிந்தது. திரை ஒருமுறை நடுங்கி, தொட்டியின் கரை தெரிந்தது. கயிற்றில் கட்டிய அரிக்கேன் விளக்கை வீரபாகு மேலே இழுத்துக்கொண்டிருந்தான். தொட்டியைத் திறந்ததும் விளக்கை இறக்கிப் பார்ப்பது ஷாப்பில் வழக்கம். அணைந்தால் உள்ளே விஷக்காற்று; யாரும் இறங்கமாட்டார்கள்.

"அணைஞ்சிட்ச்சி சார். காத்தாடணும். காலைல எறங்கலாம்."

"வெளிச்சம் போயிடும்பா," என்றது முகம் தெரியாத ஒரு குரல். "ஒரே ஒரு தடவ. உங்க கஷ்டத்தத்தானே காட்டப்போறோம்?"

வீரபாகு வேட்டியை மடித்துக் கட்டினான். ஏணியில் வைத்த கால் தடுமாறவில்லை. சற்று நேரத்தில் கீழிருந்து "சார்" என்று ஒருமுறை கேட்டது.

"நிறுத்தாதே, எடு," என்றது அதே குரல். பிறகு வெறும் புள்ளிகள்.

"யா அல்லா!" என்றார் பாஷா. "அந்தப் படம் புடிச்சவங்களுக்கு வாடகைக்கு வுட்ட கேமராவுல மாட்டினு வந்த கேசட்டு மேஸ்திரி. காலின்னு நெனச்சி கல்யாணத்த அதுலயே..."

"புதுசுன்னு இல்ல சொன்ன?" என்றார் செங்கல்வராயன்.

"மொதல்ல அத அழிங்க," என்று எழுந்தார் ராஜகோபால். "கல்யாண கேசட்ல சாவு இருக்கலாமா?"

"பத்தே நிமிசம்." பாஷா டெக்கை நோக்கிக் கை நீட்டினார். " மேல நல்ல சினிமாப் பாட்டா போட்டுர்றேன்."

"கைய எடு பாய்!" என்று கத்தினார் செங்கல்வராயன்.

மனோரமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் சொன்னப்ப கேக்கல. டிவி சொன்னாதான் கேப்பீங்களா மாமா?"

செங்கல்வராயன் எழுந்தார். வாசலுக்குப் போனார்.

"இன்னாத்துக்கு எட்டிப் பாக்கறீங்க? எல்லாரும் உள்ள வாங்க. செருப்ப கழட்டிட்டு வாங்க!"

கூடம் நிறைந்தது. ராஜகோபால் நகரப் பார்த்தார்.

"உக்காருங்க சம்பந்தி. பந்தியில உருள்ற ஆள நல்லா பாத்துட்டுப் போங்க. பாய், பின்னால ஓட்டு."

வீரபாகு குடித்துவிட்டுத் தொட்டியில் விழுந்தான் என்று ஆம்பூரில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். அன்று அவன் குடிக்கவில்லை, விழவுமில்லை. விளக்கு அணைந்ததைச் சொன்னான். அதற்குப் பிறகும் இறங்கச் சொன்னார்கள். இறங்கினான்.